சிறிய குளத்தில் 5 மணி நேரக் கெண்டைப் போட்டி: ஃபீடரா, தக்கையா?

செங்காங்_தூண்டில்:

வணக்கம். அடுத்த மாதம் ஒரு கட்டணக் குளத்தில் நடக்கும் கெண்டைப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். குளம் ஏறத்தாழ 60 மீட்டர் நீளம், 35 மீட்டர் அகலம். நடுவில் 2 மீட்டர் ஆழம், கரையோரம் முக்கால் மீட்டர். இரண்டு மூலைகளில் காற்றூட்டிச் சக்கரம் ஓடும். 20 பெக் (ஆளுக்கு ஒரு மீன்பிடிக்கும் இடம்), சீட்டு எடுத்துதான் இடம். காலை 8 முதல் பிற்பகல் 1 வரை.

விதிமுறை: மொத்த எடைக்குத்தான் பரிசு. சாதாக் கெண்டை, ரோகு, புல் கெண்டை மூன்றும் சேரும், பாத்தின் (கெளுத்தி வகை) சேராது. தண்ணீரில் ஒரு கோல் மட்டும். ஒற்றை முள், பார்ப் (முனையில் உள்ள எதிர்க்கொக்கி) இருக்கக்கூடாது. பின்னல் தூண்டில் நரம்பு கூடாது. இரை 2 கிலோவுக்கு மேல் கொண்டுவரக்கூடாது.

எனக்குப் பழக்கம் எல்லாம் சிங்கப்பூரின் லோயர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் லூர் (செயற்கை இரை) வீசுவதுதான். இரை வைத்துப் பிடித்ததில்லை. தீவனத்தை அச்சில் அழுத்தி அடியில் இறக்கும் எடைத் தட்டான மெதட் ஃபீடர் வாங்குவதா, தக்கை போதுமா? என்ன இரை, எவ்வளவு? மீன்கள் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று கிலோ என்கிறார்கள். கைவசம் 8 அடி லூர் ராடும் 3000 அளவு ரீலும் இருக்கின்றன.


பிடோக்_நரம்பு:

தம்பி, கருவிக்கு முன்னாடி அந்த "மொத்த எடை"ங்கிற வார்த்தையைக் கவனிங்க. நம்ம ஊர்ல பல குளங்கள்ல மணிக்கு ஒரு பெரிய மீனுக்குப் பரிசுன்னுதான் நடத்துவாங்க. அங்க பெரிய இரையைப் போட்டுட்டுக் காத்திருக்கலாம். மொத்த எடைன்னா காத்திருந்தவன் தோத்தான். 300 நிமிஷம் இருக்கு. 12 நிமிஷத்துக்கு ஒரு மீன்னா 25 மீன், சராசரி ஒன்றரை கிலோன்னு வச்சா 37 கிலோ சொச்சம். அதுவே 20 நிமிஷத்துக்கு ஒண்ணுன்னா 15 மீன், 22 கிலோ. நடுவுல அஞ்சு கிலோ மீன் ஒண்ணு மாட்டினாலும் அந்த வித்தியாசத்தை அடைக்காது.

அடுத்தது தண்ணீர். நீங்க பார்க்கிற மெதட் ஃபீடர் காணொளிகள்ல பாதிக்கு மேல இங்கிலாந்துக் குளத்துல எடுத்தது. கருவி அப்படியே பொருந்தும், நேரக்கணக்கு பொருந்தாது. 15 பாகைத் தண்ணி லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் உயிர்வாயு பிடிக்கும். 30 பாகையில அதிகபட்சமே ஏழரைதான். ராத்திரி முழுக்கப் பாசியும் மீனும் சேர்ந்து அதையும் இழுத்துடும். அதனால விடிஞ்ச நேரத்துலதான் குளத்துல காத்து ரொம்பக் குறைவு. 8 மணிக்கு மீன் காற்றூட்டிப் பக்கமோ, மேல் அரை மீட்டர்லயோ நிக்கும். வெயில் ஏறிப் பாசி வேலை செய்ய ஆரம்பிச்சு, ஒன்பதரை பத்துக்கு மேலதான் சாதாக் கெண்டை அடியில நிதானமா மேய இறங்கும். வாயை மேல தூக்கிக் காத்துக் குடிச்சிட்டிருக்கிற மீனுக்கு அடியில விருந்து வச்சு என்ன பிரயோசனம்?

என் தீர்ப்பு: முக்கிய ஆயுதம் மெதட் ஃபீடர். தக்கை ஒண்ணும் கட்டித் தயாரா இருக்கட்டும். (ஒரு கோல் விதி தண்ணிக்குள்ள இருக்கிறதுக்குத்தான். கரையில ரெண்டாவது கோல் கட்டி வைக்கலாமான்னு முன்னாடியே கேட்டுக்குங்க.)

கட்டு முறை: பிரதான நரம்பு ஒற்றை இழை மோனோ, 8 பவுண்டு, சுமார் 0.23 மி.மீ. ஃபீடர் 25 இல்லன்னா 30 கிராம், தட்டை வகை, நரம்பு நடுவுல ஓடுறது. முள் நரம்பு 0.20 மி.மீ., நீளம் 10 செ.மீ. மட்டும். நீளமா வச்சா ஃபீடர் எடை முள்ளைக் குத்த வைக்காது, அந்தக் குட்டை நரம்புலதான் வித்தையே இருக்கு. முள் 12 அல்லது 14ஆம் நம்பர், அகல வாய். இரையை முள்ளுல குத்தாதீங்க. முள்ளுக்குப் பின்னால மயிரிழை மாதிரி ஒரு துண்டு நரம்பு விட்டு, அதுல ரப்பர் வளையம் கட்டி, 8 மி.மீ. மீன் தீவனக் குருணையை (பெல்லட்) வளையத்துல மாட்டணும். முள் வளைவுக்கும் இரைக்கும் நடுவுல 5 மி.மீ. இடைவெளி. கெண்டை இரையை உறிஞ்சும், பிடிக்கலன்னா துப்பும். துப்பும்போது வெறுமனே கிடக்கிற முள்தான் உதட்டுல ஏறும்.

ஒரு எச்சரிக்கை: ஃபீடரை முடிச்சுப் போட்டு நிலையா கட்டிடாதீங்க. நரம்பு அறுந்தா மீன் அதை இழுத்துக்கிட்டே திரியும். அறுந்தவுடனே ஃபீடர் கழண்டு வர மாதிரி இருக்கணும். நல்ல குளம்னா இதைப் பரிசோதிச்சுத்தான் உள்ள விடுவாங்க.

தீவனம்: 2 மி.மீ. மூழ்குற குருணை, உலர் எடை 1 கிலோ. "மூழ்குற"ங்கிறதை அடிக்கோடு போட்டுக்குங்க. மீன் கடையில கிடைக்கிறதுல நிறைய மிதக்கிற வகை. ஒரு கிளாஸ் தண்ணியில நாலு போட்டுப் பார்த்துட்டு வாங்குங்க. காலையில டப்பாவுல கொட்டி, குருணைக்கு மேல ஒரு விரல் தண்ணி விட்டு, ஒரே நிமிஷம். வடிகட்டி மூடி வச்சா அரை மணியில பதம் வந்துடும். கையில அழுத்தினா உருண்டையா நிக்கணும், கட்டை விரலால தள்ளினா உதிரணும். விரல்ல பிசின் மாதிரி ஒட்டினா தண்ணி அதிகம், உலர் குருணை ஒரு பிடி கலந்துடுங்க. உதிரியாவே இருந்தா கையை நனைச்சு மேலத் தெளிச்சாப் போதும், தண்ணியை ஊத்தாதீங்க.

அச்சுல நிரப்புற வரிசை: முதல்ல முள்ளும் இரையும், மேல குருணை, அதுக்கு மேல ஃபீடரைக் கவுத்து ஒரே அழுத்து. இரை கேக்கோட உச்சியில தெரியணும். கரையோரத் தண்ணியில கண்ணுக்குத் தெரியிற ஆழத்துல ஒண்ணை இறக்கிக் கடிகாரம் பாருங்க. ரெண்டு நிமிஷத்துக்குள்ள இதழ் இதழாப் பிரிஞ்சு இரை தனியாத் தெரிஞ்சா சரி. அஞ்சு நிமிஷம் ஆகியும் கல்லு மாதிரி இருந்தா அழுத்தினது அதிகம். எறியும்போதே ஆகாயத்துல சிதறினா அழுத்தினது குறைவு.

எறியிற வேகம்: முதல் அரை மணி 4 நிமிஷத்துக்கு ஒரு தடவை, அதே இடத்துல. அப்புறம் 7, 8 நிமிஷம். கெண்டைக்கு இரைப்பை கிடையாது, தொண்டைப் பல்லுல அரைச்சு நேரா குடலுக்கு அனுப்புற மீன். கொஞ்சம் கொஞ்சமா ஓயாம தின்னும். அதனால ஒரே கொட்டா அரை கிலோ போடுறதைவிட 30 கிராம் கேக் பதினஞ்சு தடவை போறதுதான் அதுங்களை அந்த இடத்துல நிறுத்தும்.


தேக்கா_தக்கை:

பிடோக் அண்ணன் சொன்ன கட்டு முறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முதல் ஒன்றரை மணி நேரத்தைப் பற்றி அவரே சொன்னதை வைத்துப் பார்த்தால், 8 மணிக்கு ஃபீடரைப் போடுவது ஏன்? மீன் மேலே நிற்கிறது என்றால் தக்கையில்தான் தொடங்க வேண்டும். அதிலும் ரோகு இருக்கிற குளம். சாதாக் கெண்டை அடியில் மேயும். ரோகு பெரும்பாலும் நடுத்தண்ணீர் மீன்; உதடு ஓரம் சுங்கு வைத்தது போல இருக்கும், உரசி உரசித் தின்னும். புல் கெண்டை ரொட்டித் துண்டுக்கு மேலேயே வரும். மூன்றில் இரண்டு இனம் அடியில் இல்லாத நேரத்தில் அடியில் மட்டும் இரை வைப்பது நேர விரயம்.

தக்கைக்கு: உள்ளே எடை வைத்த வேக்லர் வகைத் தக்கை, 4 கிராம். நரம்பு 6 பவுண்டு. தக்கைக்கும் முள்ளுக்கும் இடைவெளி 60 செ.மீ. இருக்கட்டும். கீழே ஈயம் வேண்டாம், இரை தன் எடையில் மெதுவாக இறங்கட்டும். கவண் வைத்து 6 மி.மீ. குருணை ஆறேழு, நிமிடத்துக்கு ஒரு முறை. குருணை தண்ணீரில் விழும் சத்தமே அழைப்பு மணி. எறிந்ததும் தக்கை நிமிர்ந்து, சற்றுத் தாழ்ந்து நிற்கும். நாற்பது நொடிக்குள் கடி இல்லையென்றால் ஒரு அடி இழுத்துவிடுங்கள். இரை மேலெழும்பி மறுபடி இறங்கும்போது அடிக்கடி கடிக்கும். இரண்டு இழுப்புக்கும் பதில் இல்லையென்றால் சுருட்டி மறுபடி எறிய வேண்டும். 60 செ.மீ.யில் கடி இல்லை, ஆனால் குமிழி தெரிகிறது என்றால் 90 செ.மீ. ஆக்கிப் பாருங்கள்.

ரோகு கடி தக்கையை அமுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். முனை அரை செ.மீ. எழும், ஒரு நடுக்கம், பிறகு பக்கவாட்டில் நகரும். நகரும்போது இழுக்க வேண்டும். முங்கும் வரை காத்திருந்தால் மாவு மட்டும் போயிருக்கும்.

ரோகுவுக்குக் குருணையைவிட மாவு இரை நன்றாக வேலை செய்யும். தேக்கா மளிகைக் கடையிலேயே எல்லாம் கிடைக்கும். உலர்ந்த ரொட்டித் தூள் 300 கிராம், பொடித்த மீன் குருணை 150 கிராம், வறுத்துப் பொடித்த பொட்டுக்கடலை 100 கிராம், பொடித்த சோம்பு ஒரு தேக்கரண்டி, பெருங்காயத்தூள் கால் தேக்கரண்டி. தண்ணீர் 250 மி.லி. எடுத்து வைத்து மூன்று தவணையாகச் சேர்த்துப் பிசையுங்கள். ரொட்டி எவ்வளவு காய்ந்தது என்பதைப் பொறுத்துக் கடைசித் தவணை முழுதும் தேவைப்படாது. சப்பாத்தி மாவைவிட ஒரு படி இளக்கமாக, காது மடல் பதம். கால் மணி நேரம் ஈரத்துணி போட்டு மூடி வைத்து மறுபடி ஒரு பிசை. பொட்டுக்கடலையைக் கூட்டாதீர்கள், அரை மணியில் இறுகி ரப்பர் ஆகிவிடும், முள் அதைத் துளைத்து வெளியே வராது. பெருங்காயமும் அப்படித்தான், வாசனை வர வேண்டும், சாம்பார் ஆகக் கூடாது.

சூட்டில் ஈர மாவு இரண்டு, மூன்று மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கும். ஆகவே பாதியை உலர் தூளாகவே கொண்டு போய், 10.30க்குப் புதிதாகப் பிசையுங்கள். 2 கிலோ கணக்கு உலர் எடையா, ஈர எடையா என்று நடத்துபவர்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது. அதில்தான் வீண் வாக்குவாதம் வரும்.


செங்காங்_தூண்டில்:

இரண்டு பேருக்கும் நன்றி. மூன்று சந்தேகம்.

1. "அதே இடத்தில்" எறிவது எப்படி? ரீலில் நரம்பை கிளிப்பில் மாட்டச் சொல்கிறார்கள். பெரிய மீன் ஓடினால் அறுந்துவிடாதா?
2. ஃபீடர் போட்டிருக்கும்போது ராடு நுனி சும்மா சும்மா ஆடினால் இழுப்பதா வேண்டாமா?
3. போட்டிக்கு முன் லோயர் சிலேத்தாரிலேயே ரொட்டி, மாவு வைத்துப் பழகலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். சரியா?


பிடோக்_நரம்பு:

மூணாவதுல இருந்து வரேன். கூடாது. நம்ம நீர்த்தேக்கங்கள்ல குறிச்ச இடத்துல மட்டும், செயற்கை இரை மட்டும்தான் பியுபி (பொதுப் பயனீட்டுக் கழகம்) அனுமதி. ரொட்டி, மாவு, புழு, குருணை எதுவும் ஆகாது, அது குடிதண்ணி. எறிஞ்சு பழகணும்னா அனுமதிச்ச இடத்துல முள்ளும் தீவனமும் இல்லாம வெறும் ஃபீடரை எறிஞ்சு பழகுங்க. நூறு எறிஞ்சா அம்பது ஒரு மீட்டர் வட்டத்துல விழணும். கடியைப் பழகணும்னா கட்டணக் குளத்துல ரெண்டு மணி நேரம் எடுத்துக்கிட்டா ஆச்சு.

இடம்: முதல்ல எதிர்க்கரையில ஒரு அடையாளம் பிடிங்க, மரமோ விளக்குக் கம்பமோ. வெயில் நகர்ந்தாலும் நகராததா இருக்கணும், நிழலைப் பார்த்து வைக்காதீங்க. தூரத்துக்குத்தான் கிளிப். வேணுங்கிற தூரத்துல ஃபீடர் விழுந்ததும் நரம்பைக் கிளிப்ல மாட்டிடணும். அடுத்த எறிவுல நரம்பு முடியும்போது ராடு நிமிர்ந்து, முன்னாடி சாஞ்சு அதிர்ச்சியை வாங்கணும். ராடு கீழே கிடந்தா முள் நரம்பு பட்டுன்னு போயிடும், இல்லன்னா கேக் சிதறும்.

நீங்க பயப்படுறது நியாயம்தான். கிளிப்ல மாட்டின நரம்பு ஓடுற மீனுக்குத் தராது. கிளிப்புக்குப் பதிலா ஸ்பூல் மேல ஒரு ரப்பர் பேண்ட் போடுங்க. எறியும்போது நிறுத்தும், மீன் இழுத்தா அடியில நழுவி விட்டுடும். மீனைச் சேர்த்த பிறகு தூரம் தொலைஞ்சுடக் கூடாது இல்லையா, அதுக்கு ரெண்டு குச்சி. மூணு மீட்டர் இடைவெளியில நட்டு, போட்டிக்கு முன்னாடியே ஃபீடரை ஒரு குச்சியில மாட்டி நரம்பைச் சுத்தி எண்ணி வச்சுக்குங்க. ஒரு குச்சியில இருந்து மறு குச்சிக்குப் போறது ஒரு சுத்து, 8 சுத்துன்னா 24 மீட்டர். ரப்பர் நகர்ந்தா மறுபடி 8 சுத்திச் சரி பண்ணிடலாம்.

எங்க எறியிறது? 35 மீட்டர் அகலக் குளத்துல எல்லாரும் நடுவுக்குத்தான் எறிவாங்க. காற்றூட்டி பக்கத்துல பெக் கிடைச்சா நுரையில போடாதீங்க, கேக் உருண்டு போயிடும். நீரோட்டம் அடங்குற விளிம்புல போடுங்க. காற்றூட்டி இல்லாத பெக் விழுந்தா, காத்து எந்தக் கரையை நோக்கி அடிக்குதுன்னு பார்த்து அந்தப் பக்கமா போடுங்க.

நுனி ஆட்டம்: சின்னச் சின்னத் தட்டல், ஒரு இழுப்பு இழுத்துத் திரும்ப வர்றது, இதெல்லாம் மீன் நரம்புல உரசுறது. இழுக்காதீங்க. இழுத்தா துடுப்புலயோ முதுகுலயோ முள் ஏறும், அந்த மீனைக் கொண்டு வர பத்து நிமிஷம் போகும், கூட்டமும் கலையும். மெதட் ஃபீடர் கடி சந்தேகமே வைக்காது, நுனி வளைஞ்சு போய்க்கிட்டே இருக்கும், ராடு தாங்கியில இருந்து நழுவப் பார்க்கும். கையில எடுத்தாப் போதும், வீசி இழுக்க வேண்டாம். முள்ளை ஃபீடர் எடை ஏற்கெனவே ஏத்திடுச்சு.

நரம்புல உரசல் அதிகம், கடி இல்லைன்னா மீன் மேல தூக்கலா நிக்குதுன்னு அர்த்தம். அப்பத்தான் தேக்கா தம்பி சொன்ன தக்கை. ஆமா, 8 மணிக்கே தக்கையில ஆரம்பிக்கலாம்னு அவர் சொல்றதை ஒத்துக்கிறேன். ஒரே நிபந்தனை: கவண்ல தூவுற குருணை பக்கத்து பெக் எல்லைக்குள்ள போகாம பார்த்துக்கணும், போனா உங்க மீன் அவருக்கு.

கரையோரத்தை மறந்துடாதீங்க. 11 மணியில இருந்து உங்க இடது கைப்பக்கம், கரையிலிருந்து ரெண்டு மீட்டர்ல, செடி நிழல் இருந்தா அதுக்கடியில, கால் மணிக்கு ஒரு பிடி ஊறின குருணை. எறியாம தீவனம் மட்டும். 12 மணிக்கு மேல அங்க தண்ணி கலங்கி, வால் சுழி தெரிஞ்சா தக்கையை அடி தொடுற அளவுக்கு இறக்கி அங்கேயே போடுங்க. மரநிழல் இல்லாத கரைன்னா நேரத்தை வீணாக்காதீங்க, முக்கால் மீட்டர் தண்ணி அந்த வெயில்ல வெந்நீர் மாதிரி.


ஈசூன்_கைவலை:

எறிவது பற்றி எல்லாம் வந்துவிட்டது. கையிலிருந்து போகிற மீனைப் பற்றி யாரும் பேசவில்லை.

உங்கள் 8 அடி லூர் ராடு எந்த வகை என்று சொல்லவில்லை. பாஸ் மீனுக்கான விறைப்பு ராடு என்றால் பார்ப் இல்லாத முள்ளோடு அது சரிப்படாது. கரைக்கு அருகே மீன் தலையை ஆட்டும்போது ராடு வளைந்து கொடுக்காமல் நரம்பு ஒரு கணம் தளரும், முள் கழன்றுவிடும். 9 முதல் 10 அடி, நடு வரை வளையும் ஃபீடர் ராடு ஒன்றை இரவல் வாங்குங்கள். ரீல் பிரேக்கை, நரம்பைக் கையால் இழுத்தால் தயக்கத்தோடு ஓடுகிற அளவுக்கு இளக்கி வையுங்கள். கடைசி மூன்று மீட்டரில்தான் கெண்டை முழுப் பலத்தையும் காட்டும். அந்த நேரத்தில் பிரேக்கை இறுக்குகிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். ராடைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் தலை திரும்பும்.

கைவலையை முதலிலேயே தண்ணீரில் அமிழ்த்தி வைத்து, மீனை வலை மேல் கொண்டுவாருங்கள். வலையை மீனை நோக்கி வீசாதீர்கள். ரப்பர் பூசிய வலை என்றால் முள் சிக்காது, ஒவ்வொரு மீனுக்கும் அரை நிமிடம் மிச்சம். 25 மீனுக்குக் கணக்குப் போட்டால் ஒரு மீன் கூடுதலாகப் பிடிக்கும் நேரம் அதில் இருக்கிறது.

இந்தச் சூட்டில் மீனைச் சேர்த்து வைக்கும் நீள்வலையைப் பல குளங்களில் விடமாட்டார்கள். மீன் நெருக்கத்தில் மூச்சு முட்டிச் சாகும். அப்படியானால் ஒவ்வொரு மீனையும் உடனே நிறுத்து, எழுதி, விட வேண்டும். மூன்று விஷயம் பாருங்கள். எடைப் பையை நனைத்துப் பிழிந்த பிறகு, பை தொங்கும்போதே தராசைச் சுழியாக்க வேண்டும். மீனைப் பிடிக்கும் கை ஈரமாக இருக்க வேண்டும். சிமெண்டுக் கரையில் பத்து மணிக்கு மேல் வெறுங்காலை வைக்க முடியாது, மீனை வைத்தால் வழவழப்பு உரிந்துவிடும். பாய் விரித்து ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் கிடத்த வேண்டும். எடை எழுதும்போது அட்டையில் நீங்களும் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

வாளி இரண்டு, துண்டு இரண்டு, குடிநீர் 3 லிட்டர். கட்டிய முள் நரம்பு பத்து, அட்டையில் சுற்றியது. குளத்தங்கரையில் உட்கார்ந்து முடிச்சுப் போடுவது பத்து நிமிட நட்டம். ஒவ்வொரு ஐந்து மீனுக்கும் முள் முனையை நகத்தில் உரசிப் பாருங்கள், வழுக்கினால் மாற்றுங்கள்.

மழை: விடியலில் சுமாத்ராக் காற்று வந்தால் 8 மணிக்கு முன்பே ஓய்ந்துவிடலாம், ஆனால் தண்ணீர் குளிர்ந்து கலங்கியிருக்கும், முதல் ஒரு மணி நேரம் கடி மந்தம்தான். இரையைச் சிறிதாக்குங்கள், 8 மி.மீ.க்குப் பதில் 6. இடி கேட்டால் யாருடைய விசிலுக்கும் காத்திருக்க வேண்டாம். கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். கோலைக் கீழே கிடத்திவிட்டுக் கூரைக்குள் போங்கள். இழந்த நேரத்தைக் கூட்டித் தருவார்களா என்பதையும் விதிமுறைத் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.


செங்காங்_தூண்டில்:

நடத்துபவர்களிடம் கேட்டேன். 2 கிலோ உலர் எடைதான். இரண்டாவது கோல் கட்டிக் கரையில் வைக்கலாம். நீள்வலை கிடையாது, ஒவ்வொன்றாக நிறுக்கிறார்கள். ராடு விறைப்பு வகைதான், 10 அடி ஃபீடர் ராடு ஒன்று நண்பரிடம் கிடைக்கிறது. கடைசியாக ஒன்று: ரப்பர் வளையத்தில் குருணை வைத்துப் பார்த்தேன், இரண்டு எறிவில் வெடித்துப் போகிறது.


பிடோக்_நரம்பு:

வளையம் சின்னது. 8 மி.மீ. குருணைக்கு, இழுக்காம இருக்கும்போது வளையத்தோட விட்டம் குருணையில பாதிக்குக் கொஞ்சம் மேல இருக்கணும். அதுக்கும் கீழ போனா குருணையை நெரிக்கும், ஊறினதும் பிளந்துடும். இன்னொண்ணு, முள்ளுல மாட்டுற குருணையை ஊற வைக்காதீங்க. கல்லு மாதிரி உலர்ந்ததா, தனி டப்பாவுல, ஈரக் கை படாம வச்சுக்குங்க.